எரிசக்தித் தேவை: ஒரு தொடர், இரண்டு பிசகு

‘உலக எரிசக்தித் தேவை உயர்கிறது’ என்ற தலைப்பைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பு வேலையில் நானே இதைக் கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை. இந்தத் தொடரின் முன்பாதி சொல்லவந்த பொருளைக் குறுக்கிவிடுகிறது. பின்பாதி அதை அளவுக்கு மீறி அகலப்படுத்திவிடுகிறது. உலகம் எதைக் கொண்டு இயங்குகிறது, அது யார் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற இரண்டு பெரிய விஷயங்களும் அதில் மங்கிப்போகின்றன.

முதலில் ‘எரிசக்தி’. ‘எரி’ நமக்கு வினைச்சொல், பெயர்ச்சொல் இரண்டும்தான். பழந்தமிழில் எரி என்றாலே நெருப்பு. எரிமலையில் இன்றும் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. ‘சக்தி’ வடமொழியில் ‘இயலுதல்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தால், எரிப்பதால் கிடைக்கும் வல்லமை என்று பொருள். விறகு, நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ‘காற்றாலை எரிசக்தி’ என்று எழுதும்போது அங்கே எது எரிகிறது? அணை நீர் சுழலியைத் தள்ளும்போது எது எரிகிறது? அணு உலையில்கூட எதுவும் எரிவதில்லை. யுரேனியத்தின் அணுக்கரு பிளக்கிறது. அந்தப் பிளவில்தான் வெப்பம் வருகிறது.

இந்தச் சொல்லைக் குறை சொல்வதற்கு முன், அது எந்தக் காலத்துக்கு உண்மையாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அந்த அதிர்ச்சியில்தான் 1974இல் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு பன்னாட்டு எரிசக்தி முகமை தொடங்கப்பட்டது. (அதன் பெயரையும் இப்படித்தான் தமிழில் எழுதிப் பழகிவிட்டோம்.) அந்த முகமையின் புள்ளிவிவரப்படி, 1973இல் உலகம் பெற்ற மொத்த ஆற்றலில் எண்ணெய் 46%, நிலக்கரி சுமார் 25%, இயற்கை எரிவாயு 16%, விறகு போன்ற உயிரி எரிபொருளும் கழிவும் சுமார் 10%. கூட்டினால் 97% வருகிறது. நீரும் அணுவும் சேர்ந்தே மீதி மூன்றுக்குள் அடங்கிவிட்டன. அன்றைக்கு எரிசக்தி என்று எழுதியவர் தவறாக எழுதவில்லை.

அதே கணக்கில் 2019ஐ எடுத்தால் எரிப்பதன் பங்கு 90%. நாற்பத்தாறு ஆண்டுகளில் ஏழு புள்ளிதான் இறங்கியிருக்கிறது. இந்த இடத்தில் பங்கு வேறு, அளவு வேறு என்பதை மறக்கக் கூடாது. 1973இல் மொத்தம் சுமார் 254 எக்சாஜூல். 2019இல் சுமார் 606. (ஒரு ஜூல் என்பது நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் வேலை. எக்சாஜூல் என்றால் ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியம்.) எண்ணெயின் பங்கு 46%இலிருந்து 31%க்கு இறங்கியது. ஆனால் எரிந்த எண்ணெயின் அளவு பாதிக்கும் மேல் கூடியது. ‘எண்ணெயின் பங்கு சரிந்தது’ என்ற வாக்கியத்தை ‘எண்ணெய் சரிந்தது’ என்று சுருக்கும்போது பொருளே தலைகீழாகிவிடுகிறது. உலக வரலாற்றில் இதுவரை பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. நிலக்கரி வந்தபின் விறகு ஒழிந்துவிடவில்லை. எண்ணெய் வந்தபின் நிலக்கரி குறையவும் இல்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்ததாக நாம் நினைக்கிறோம். நடந்தது பழையதன் மேல் புதியதை அடுக்கியதுதான். ‘ஆற்றல் மாற்றம்’ என்ற தொடரை இன்று எல்லோரும் சொல்கிறோம். எரிவதன் அளவு உண்மையிலேயே குறையத் தொடங்கும்வரை அதை ‘ஆற்றல் கூட்டல்’ என்பதே நேர்மை என்று எனக்குப் படுகிறது.

தொண்ணூறு விழுக்காடு இன்னும் எரிகிறதே, பிறகு ‘எரிசக்தி’ என்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொண்ணூறுக்குள்ளும் ஒரு கணக்கு வழக்கம் ஒளிந்திருக்கிறது. நிலக்கரி நிலையத்தில் ஒரு அலகு மின்சாரம் எடுக்க இரண்டரை முதல் மூன்று அலகு வெப்பத்தை எரிக்க வேண்டும். புள்ளிவிவரத்தில் ஏறுவது அந்த மூன்று அலகு. காற்றாலையும் சூரியத் தகடும் அதே ஒரு அலகு மின்சாரத்தைத் தந்தால் ஏறுவது ஒரு அலகு மட்டும். ஆகவே நிலக்கரி நிலையத்தை மூடிவிட்டுக் காற்றாலை வைத்தால், விளக்கு முன்போலவே எரியும். அட்டவணையிலோ உலகின் ஆற்றல் வழங்கல் சுருங்கியதுபோல் தெரியும். இப்படி எரிப்பதை அளவுகோலாக வைத்தே உலகைப் பார்க்கும் பழக்கத்துக்கு ‘எரிசக்தி’ என்ற சொல் தமிழில் துணைபோகிறது.

சரியான சொல் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பள்ளி இயற்பியல் பாடத்தில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று எல்லோரும் படித்ததுதான். பாடப்புத்தகத்தில் ‘ஆற்றல்’ என்று படித்த மாணவர் செய்தித்தாளில் ‘எரிசக்தி’ என்று பார்க்கிறார். இரண்டும் ஒன்றே என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. இலங்கைப் பாடநூல்கள் இதை வெறும் ‘சக்தி’ என்கின்றன. அதிலும் நெருப்பு இல்லை, அதனால் குழப்பமும் இல்லை. தமிழ்நாட்டு வழக்குக்கு ‘ஆற்றல்’.

ஆங்கில ‘எனர்ஜி’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘என்’ என்றால் உள்ளே, ‘எர்கோன்’ என்றால் வேலை. செயலில் இருக்கும் நிலை என்ற பொருளில் ‘எனெர்கேயா’ என்பதை அரிஸ்டாட்டில் தத்துவச் சொல்லாக ஆண்டார். இன்றைய அறிவியல் பொருளை நோக்கி அதை நகர்த்தியவர் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங். 1807இல் வெளிவந்த அவருடைய சொற்பொழிவுகளில் அந்த ஆட்சி இருக்கிறது. அதற்கு முன் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் வழிவந்தோர் இதையே ‘உயிருள்ள விசை’ என்ற பொருளில் இலத்தீனில் சொல்லிவந்தார்கள். கிரேக்கச் சொல்லிலும் நெருப்பு கிடையாது. அதில் இருப்பது வேலை.

நம் ‘ஆற்று’ என்ற வினையிலும் இருப்பது வேலைதான். பணியாற்று, கடமையாற்று, உரையாற்று. செய்ய வல்லது ஆற்றல். ஆனால் இதே வினைக்கு இன்னொரு முகமும் உண்டு: சூட்டை ஆற்று, பசியாற்று, துயராற்று. அங்கே அதன் பொருள் தணிப்பது. ஒரு பெட்ரோல் காரை நெடுந்தூரம் ஓட்டிவந்து நிறுத்தியதும் அதன் முன்மூடியில் கை வைத்துப் பாருங்கள்; வைத்த கையை உடனே எடுத்துவிடுவீர்கள். தொட்டியில் ஊற்றிய பெட்ரோலின் ஆற்றலில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கே சக்கரத்துக்குப் போனது. மீதியில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகக் கழிந்துவிட்டது. ரேடியேட்டரின் வேலையே ஆற்றுவது. ஒரே இயந்திரத்துக்குள் கால் பங்கு பணியாற்றுகிறது, முக்கால் பங்கு சூடாகி ஆறிப்போகிறது. மின்மோட்டாரில் எண்பது பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போய்விடுவதால் ஆற வேண்டிய சூடு கொஞ்சம்தான். உலக ஆற்றல் போக்கில் இனி வரும் பல பத்தாண்டுகளின் பெரும் விஷயம் இந்த ஒரு வினைச்சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கிறது. ‘எரிசக்தி’ என்று சொன்னால் அது கண்ணில் படுவதே இல்லை.

இடையில் வேறு இரண்டு சொற்களையும் ஆற்றலிலிருந்து பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. திறன் என்பது எவ்வளவு வேகமாக ஆற்றல் வருகிறது என்பது; கிலோவாட் அதன் அலகு. ஆற்றல் என்பது மொத்தம் எவ்வளவு வந்தது என்பது, கிலோவாட் மணி. உலகின் சூரிய மின் நிறுவுதிறன் 2022இல் 1,000 கிகாவாட்டைத் தாண்டியது (ஒரு கிகாவாட் என்பது பத்து லட்சம் கிலோவாட்). அதே அளவு நிலக்கரித் திறன் தருவதைவிட அது தரும் மின்சாரம் குறைவு, ஏனென்றால் இரவு இருக்கிறது. மற்றொன்று மின்சாரம். அது ஆற்றலின் ஒரு வடிவம் மட்டுமே. நுகர்வோரைச் சென்றடையும் ஆற்றலில் அதன் பங்கு 1973இல் 9%. 2019இல் சுமார் 20%. மின்சாரத்தைப் பற்றிய செய்திக்கு ‘எரிசக்தி’ என்று தலைப்பு வைத்தால் ஐந்தில் ஒன்றை முழுசாகக் காட்டியதாக ஆகிவிடும்.

இனிப் பின்பாதி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ‘டிமாண்ட்’ என்பதற்குத் ‘தேவை’ என்று எழுதுகிறோம். பொருளியலில் டிமாண்ட் என்றால் விருப்பமும் வாங்கும் வசதியும் சேர்ந்தது. கையில் காசில்லாதவரின் ஏக்கம் அதில் ஏறாது. ஆற்றல் புள்ளிவிவரத்திலோ இன்னும் குறுகல்: நுகரப்பட்டது எவ்வளவோ அதுவே டிமாண்ட். பன்னாட்டு முகமையின் கணக்குப்படி 2023இல் சுமார் 75 கோடிப் பேருக்கு மின்சாரமே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் வாழ்பவர்கள். இருட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தேவை இருக்கிறது. மின்கம்பி வராத அந்த வீட்டின் மின் டிமாண்ட் பூஜ்யம். ‘உலகின் எரிசக்தித் தேவை நிறைவேறியது’ என்று நாம் எழுதும் வாக்கியத்தில் அந்த 75 கோடிப் பேர் இல்லை. மூலத்தில் அப்படி ஒரு பொய் கிடையாது. தமிழில் நாம் சேர்த்துவிட்டோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அறுபது வாட் குமிழ் விளக்கைக் கழற்றிவிட்டு எட்டு ஒன்பது வாட் எல்இடி மாட்டினால் வெளிச்சம் அதேதான். தேவை வெளிச்சம், அது மாறவில்லை. மின்சாரத்துக்கான டிமாண்ட் ஏழில் ஒன்றாகிவிட்டது. சிக்கனம் டிமாண்டைக் கூட்டுவதும் உண்டு. நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் நிலக்கரி நுகர்வு குறையாமல் கூடியதை ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எடுத்துக்காட்டினார். மலிவானதும் எல்லோரும் வாங்கினார்கள். தேவையும் டிமாண்டும் ஒரே சொல்லாக இருந்தால் இந்த இரண்டு நிகழ்வையும் தமிழில் விளக்கவே முடியாது.

டிமாண்ட் இலத்தீன் வழி பிரெஞ்சில் ‘கேட்டல்’ என்ற பொருளில் புழங்கிய சொல். இலங்கைத் தமிழர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ‘கேள்வி’ என்று வைத்தார்கள். சப்ளை அவர்களுக்கு ‘நிரம்பல்’. கேள்வியும் நிரம்பலும் என்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்குக் கேள்வி என்றால் வினாதான் நினைவுக்கு வரும். அதனால் நான் ‘கேட்பு’ என்று எழுதுகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வரிப் பதிவேடுகளில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று காலங்காலமாக இருப்பதுதான். சந்தையில் சொல்லும் ‘கிராக்கி’யும் பொருளுக்கு மிக நெருக்கம், ஆனால் அதில் பற்றாக்குறையின் சாயல் ஏறிவிட்டது. சப்ளைக்கு ‘வழங்கல்’ போதும்.

ஆக, ஆற்றல் கேட்பு, ஆற்றல் வழங்கல். ‘எரிசக்தி’யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, விறகு இவற்றிலிருந்து வருவதை மட்டும் குறிக்க அதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. அப்படி வைத்துக்கொண்டால் ‘உலக ஆற்றலில் எரிசக்தியின் பங்கு’ என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறது. ‘தேவை’யும் மனிதரின் தேவைக்கு என்று தனியே நிற்கும்.

பெருந்தொற்று ஆண்டான 2020இல் இந்தத் துறையின் செய்தி ‘உலக எரிசக்தித் தேவை 4% குறைந்தது’ என்று வந்தது. விமானங்கள் தரையில் நின்றன, ஆலைகள் மூடிக் கிடந்தன; ஆக்சிஜன் கருவியை ஓட்ட மின்சாரம் வேண்டி நின்ற மருத்துவமனைகள் முன்னெப்போதையும்விட அதிகம். அந்த ஆண்டு குறைந்தது ஆற்றல் கேட்பு.