மீன் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும் ஜாடி: ரோமானியரின் காரும்

பெரிய மீனைக் கருவாடு போடுகிறவர்கள் முதல் வேலையாக வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுவார்கள். ரோமானியரின் ‘காரும்’ இதற்கு நேர்தலைகீழ். அங்கே குடல்தான் வேலைக்காரன். பெயரைக் கேட்டு மிளகாய்க் காரத்தை நினைக்க வேண்டாம். மிளகாயை அவர்கள் கண்டதே இல்லை. காரும் என்பது மீனை உப்பில் ஊறவைத்து வடித்தெடுத்த பழுப்புச் சாறு. அப்பிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் தொகுப்பில் இறைச்சி, முட்டை, பருப்பு என்று எதற்கும் உப்பைவிட இதைத்தான் அதிகம் ஊற்றச் சொல்கிறார்கள். பேரிக்காயில் செய்யும் பதார்த்தம்கூடத் தப்பவில்லை. அந்தத் தொகுப்பில் காரும்மின் பெயர் லிக்குவாமென்.

காசு கொடுத்து வாங்கும் அழுகல் என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா இதைக் கரித்துக்கொட்டினார். அழுகும் பொருளின் கசிவு என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியும் எழுதினார். இருவரின் மூக்கும் பொய் சொல்லவில்லை, ஆனால் விளக்கம் தவறு. ஜாடிக்குள் நடப்பது அழுகல் அல்ல, செரிமானம்.

செய்முறை ‘ஜியோபோனிகா’ என்ற பழைய வேளாண் தொகுப்பில் கிடைக்கிறது. நெத்திலி போன்ற பொடிமீனைக் குடலோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மோடியஸ் மீனுக்கு, அதாவது சுமார் 8.7 லிட்டர் அளவுக்கு, 2 செக்ஸ்டாரியஸ் உப்பு. அது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். நன்றாகப் பிசைந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் மண்பானைக்கு மாற்றி, மூடாமல் வெயிலில் 2 அல்லது 3 மாதம் விட வேண்டும். அவ்வப்போது கோலால் கிளற வேண்டும். கடைசியில் நெருக்கமாகப் பின்னிய நீளக் கூடை ஒன்றைப் பானைக்குள் இறக்கினால், தெளிந்த சாறு பின்னல் வழியே கூடைக்குள் ஊறி வரும். அதை மொண்டெடுப்பார்கள். வெளியே தங்கும் சக்கைக்கு ‘அல்லெக்’ என்று பெயர். அதையும் யாரும் வீணாக்கவில்லை.

மீனின் குடலிலும் தசையிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. உயிரோடு இருக்கும்போது அவை இரையைச் செரிக்கின்றன. செத்தபின் மீனையே செரிக்கத் தொடங்குகின்றன. புரதம் துண்டுதுண்டாகி அமினோ அமிலங்களாகக் கரைகிறது. அவற்றில் ஒன்றான குளுட்டமேட்தான் நாவில் நிற்கும் அந்தச் சுவையைத் தருகிறது. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிரிகளைத் தடுப்பது உப்பின் வேலை. மீனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். மேலே சொன்ன அளவு உப்பு அதில் கரைந்தால் 17 சதவீதத்தை ஒட்டிய உப்புநீர் கிடைக்கும் என்று கணக்கிடலாம். உயிரைக் குடிக்கும் பொட்டுலிச நஞ்சைச் சுரக்கும் கிருமி 10 சதவீத உப்புநீரிலேயே வளராது. நொதிகள் வேகம் குறைந்தாலும் வேலையை நிறுத்துவதில்லை. இந்த இடைவெளியில்தான் முழுத் தொழிலும் நின்றது.

அதனால் உப்பின் அளவு தப்பினால் எல்லாம் தப்பும். குறைந்தால் இரண்டே நாளில் அழுகல் முந்திக்கொள்ளும். கூடினால் கெடாது, ஆனால் நொதி மந்தமாகிக் காலம் இழுக்கும். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போடும் வியட்நாம் மீன்சாறு முதிர ஓராண்டு வரை பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிளறாமல் விட்டால் உப்பு எட்டாத மூலைகள் தங்கிவிடும். மேலே மிதக்கும் துண்டுகளில் புழு வைக்கும். கானாங்கெளுத்தி, சூரை போன்றவற்றை உப்பிடும் முன்பே வெயிலில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். பிறகு எவ்வளவு உப்பு போட்டாலும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. பிடித்த மீனை உடனே உப்பிட வசதியாக, ஊறல் தொட்டிகளைக் கடலோரத்திலேயே கட்டியதில் அர்த்தம் இருக்கிறது.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, மீனையும் ஓரிகானோ இலையையும் போட்டுக் கொதிக்கவைத்து, தெளியும்வரை திரும்பத் திரும்ப வடிகட்டுவது. சூட்டில் நொதி செத்துவிடுவதால் இது உப்பு தூக்கலான மீன் ரசம்தான், காரும் ஆகாது.

ஸ்பெயினின் பயேலோ கிளௌடியா, போர்ச்சுகலின் டிரோயா ஆகிய இடங்களில் ஊறல் தொட்டிகள் இன்றும் வரிசையாகக் கிடக்கின்றன. உட்புறம் சுண்ணாம்போடு இடித்த ஓட்டுத்தூள் சேர்த்த பூச்சு, நீர் கசியாது. சுவரும் தரையும் சேரும் இடத்தை உருண்டையாக மழுக்கியிருப்பார்கள். கூர்மூலையில் பழைய சக்கை ஒட்டிக்கொண்டால் அடுத்த ஈடும் கெடும். கழுவுகிறவனின் கஷ்டம் தெரிந்த கொத்தனார் கட்டியது அது.

உயர்ந்த வகையான ‘ஹைமேஷன்’ சூரையின் குடல், செவுள், இரத்தம் இவற்றை மட்டும் உப்பிட்டுச் செய்வது. 2 மாதம் ஆனதும் பானையில் துளை போட்டு வடிப்பார்கள். ஸ்பெயினின் கார்த்தகேனாவில் கானாங்கெளுத்தியில் செய்த காரும் இரண்டு கோங்கியஸ், அதாவது ஏறத்தாழ 6.5 லிட்டர், 1000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வரை விலைபோனது என்கிறார் பிளினி. அன்றைய படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 900 செஸ்டர்ஸ்! சாதாரண ரகத்தின் கதை வேறு. கி.பி. 301இல் டயோக்ளீஷன் பேரரசர் வகுத்த விலைப்பட்டியலில் ஒரு செக்ஸ்டாரியஸ் முதல்தர லிக்குவாமென் 16 டினாரியஸ் (இதுவும் ரோமானிய நாணயம்), இரண்டாம் தரம் 12. அதே அளவு முதல்தர ஆலிவ் எண்ணெய் 40. இத்தாலியின் பொம்பே நகரில் இதை விற்றே செல்வந்தரான ஔலுஸ் உம்பிரிகியுஸ் ஸ்கௌருஸ் தன் வீட்டு மொசைக் தரையில் சாறு ஜாடிகளின் படங்களைப் பதித்து, அவற்றின்மேல் தன் கடைச் சரக்கின் பெருமையையும் எழுதிவைத்தார். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளிலும் ஸ்பெயின் காரும் ஜாடிகளின் துண்டுகள் உண்டு.

சாறு நாற்றமடித்தால் என்ன செய்வது? அதற்கும் அப்பிசியஸ் தொகுப்பில் வழி இருக்கிறது. காலிப் பானையைக் கவிழ்த்து, லாரல் இலையும் சைப்ரஸ் குச்சியும் எரித்த புகையைப் பிடிக்க வேண்டும். சாற்றைக் காற்றாட வைத்து, பிறகு அந்தப் பானைக்குள் ஊற்ற வேண்டும். உப்புக் கரித்தால் ஒரு செக்ஸ்டாரியஸ் தேன் விட்டுக் கலக்கலாம். தேன் இல்லையென்றால் அப்போதுதான் பிழிந்த திராட்சைச் சாறு போதும்.