முதுகு மூடாமல் பிறக்கும் குழந்தை: அறுவை சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது

முதுகில் நீர் நிறைந்த பையோடு பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்றதும், பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதை மூடிட்டா கால் சரியாயிடுமா டாக்டர்?" ஆகாது என்று முன்பே நேராகச் சொல்லிவிடுவது என் வழக்கம். மிச்சமிருக்கும் நரம்புகளைக் காப்பாற்றவும், கிருமி உள்ளே போகாமல் தடுக்கவும்தான் இந்த அறுவை சிகிச்சை. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், நன்றாக முடிந்த ஆபரேஷனும் பெற்றோர் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரியும்.

கரு உருவான முதல் நான்கு வாரங்களில், தட்டையான நரம்புத் தகடு சுருண்டு குழலாக மூடிக்கொள்கிறது. ஏறக்குறைய 28ஆம் நாளில் இந்த வேலை முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது உறுதியாகியிருக்காது. ஓரிடத்தில் அது மூடாமல் நின்றுபோனால், அதன் மேல் வரவேண்டிய எலும்பும் தசையும் தோலும் சேராமல், தண்டுவடம் வெளியே தெரியும்படி குழந்தை பிறக்கிறது. முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குறையான ஸ்பைனா பைஃபிடாவின் இந்தக் கடுமையான வகைக்கு மைலோமெனிங்கோசீல் என்று பெயர். திறந்து கிடந்த நரம்புகள் கருப்பையில் பல மாதங்கள் பனிக்குட நீரில் நனைந்தும் உரசியும் கெட்டிருக்கும். கால்களின் பலவீனம் பெரும்பாலும் பிறக்கும் முன்பே நேர்ந்துவிட்ட ஒன்று.

பிறந்ததும் குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்து, பையின் மேல் சலைனில் நனைத்த, கிருமி நீக்கிய துணியைப் போட்டு, அது காயாமல் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டும். உலர்ந்த பஞ்சு, பவுடர், களிம்பு எதுவும் கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு இயற்கை ரப்பரால் பின்னாளில் கடும் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் நாளிலிருந்தே லேட்டக்ஸ் கையுறைகளையும் தவிர்க்கிறோம். மூடும் வேலை முதல் இரண்டு நாட்களுக்குள் நடப்பது நல்லது. தள்ளிப்போகப் போக மூளை உறை அழற்சி வரும் ஆபத்து கூடும். ஆனால் நள்ளிரவில், வசதி இல்லாத இடத்தில் அவசரமாகச் செய்ய வேண்டியதும் இல்லை. குழந்தையைப் பத்திரமாக ஒரு நல்ல மையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த நேரம் போதும்.

மேசையில் முதல் வேலை நரம்பியல் அறுவை நிபுணருடையது. அவர் நரம்புத் தகட்டைச் சுற்றியுள்ள தோலிலிருந்து பிரித்து, குழலாகச் சுருட்டி, அதன் மேல் தண்டுவட உறையை நீர் கசியாதபடி தைக்கிறார். தோலின் துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் அது பின்னாளில் கட்டியாக வளரக்கூடும். அப்புறம் பிளாஸ்டிக் அறுவை நிபுணர்களான எங்கள் முறை. முதுகில் இப்போது ஒரு வட்டமான இடைவெளி. சிறியதென்றால் இருபுறத் தோலையும் அடியில் விடுவித்து நடுவில் சேர்த்துத் தைத்துவிடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும்.

பெரிய இடைவெளியில்தான் சபலம் வருகிறது. பச்சிளம் குழந்தையின் தோல் ரப்பர் போல இழுபடும், இழுத்தால் சேர்ந்தும்விடும். ஆனால் இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, சில நாட்களில் ஓரம் கறுத்து, தையல் விட்டுப்போகும். அதன் வழியே தண்டுவட நீர் கசிந்தால் கிருமிக்கு நேர்வழிதான். அதனால், பக்கத்துத் தோலை அதன் ரத்தக் குழாய்களோடு நகர்த்தி மூடும் 'ஃபிளாப்' முறைக்குப் போகிறோம். லிம்பெர்க், வி-ஒய், கீஸ்டோன் என்று வடிவங்கள் பல. எதைத் தேர்ந்தாலும், முடிந்தவரை வெளித் தையல் உள்ளே உள்ள உறையின் தையலுக்கு நேர் மேலே விழாமல் பார்த்துக்கொள்வோம்.

முதுகின் பெரிய தசையான லாட்டிசிமஸை எடுத்து மூடுவது பாடப்புத்தகத்தில் உள்ள வழிதான். என்றாலும் நான் அதைக் கடைசிக்கே வைத்திருப்பேன். ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ வளரப்போகும் குழந்தை, தன் உடலைக் கைகளால் தூக்கிக்கொள்ள அந்தத் தசையைத்தான் நம்பியிருக்கும்.

நாங்கள் மூடும் தோலிலும் அதற்குக் கீழேயும் உணர்ச்சி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அழுத்தினாலும் சுட்டாலும் குழந்தைக்குத் தெரியாது. தினமும் புட்டம், குதிகால், பாதம் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பது வீட்டில் பழக்கமாக வேண்டும். குளிக்கும் நீரின் சூட்டையும் பெரியவர்கள்தான் சோதிக்க வேண்டும்.

முதுகு மூடிய பிறகு தலையில் நீர் தேங்குவது பலருக்கு வரும். உச்சிக்குழி புடைப்பது, தலை வேகமாக வளர்வது, விழிகள் கீழ்நோக்கியே இருப்பது, விடாத வாந்தி என்றால் காத்திருக்கக் கூடாது. நீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷண்ட் குழாய்க்குப் பின்னால் ஒரு கதை உண்டு: 1950களின் நடுவில், இதே குறையோடு பிறந்த தன் மகனுக்காக ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி வடிவமைத்த வால்வுதான் இந்தச் சிகிச்சையைப் பரவலாக்கியது.

என் அனுபவத்தில் குடும்பங்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது சிறுநீர்ப்பையை. டயப்பர் நனைகிறது, சரியாகத்தான் போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நிரம்பி வழிவதும் நனைக்கத்தான் செய்யும். உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். குறித்த நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய கதீட்டரால் சிறுநீரை வடிப்பதை 1972இல் ஜாக் லாபிடெஸ் அறிமுகப்படுத்தினார். அது பல சிறுநீரகங்களைக் காத்திருக்கிறது. ஆரம்பத்திலேயே பழகிய குழந்தை, வளர்ந்ததும் தானே செய்துகொள்ளும். வளரும் வயதில் நடை மாறினாலோ, முதுகு வலித்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு குறைந்தாலோ, பழைய தழும்பில் தண்டுவடம் ஒட்டி இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கருவிலேயே மூடும் வழியும் இருக்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 வாரத்துக்கு முன் கருப்பையைத் திறந்து மூடிய குழந்தைகளில் 40 சதவீதத்துக்கே ஷண்ட் வேண்டியிருந்தது. பிறந்த பின் மூடியவர்களில் அது 82 சதவீதம். துணையின்றி நடந்தவர்களும் அதிகம். ஆனால் குறைப்பிரசவமும், தாயின் கருப்பையில் விழும் தழும்பும் இதன் விலை. எல்லோருக்கும் பொருந்தாது.

தடுப்பதற்கு ஃபோலிக் அமிலம். கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம், அதுவும் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. ஸ்கேனில் கரு தெரிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இந்தக் குறையின் ஆபத்தைக் கூட்டும் வால்ப்ரோயேட் மருந்தை வலிப்புக்குச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அளவு 4 மில்லிகிராம். 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இந்த அளவு மீண்டும் நேர்வதை 72 சதவீதம் குறைத்தது. அதற்காகச் சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரைகளைப் பத்துப் பத்தாக விழுங்கிவிடாதீர்கள். அவற்றோடு சேர்ந்து வரும் கூடுதல் வைட்டமின் ஏ கருவுக்குத் தீங்கு. ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள மாத்திரையை எழுதித் தரச் சொல்லுங்கள்.