திசையன் படமா, கட்டக்கோல் படமா?

மின்மாற்றி பற்றிய தமிழ்ப் பாடக்குறிப்புகளில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அம்புக்கோடுகளாக வரையும் படத்துக்கு ‘திசையன் படம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது தவறு.

அளவோடு திசையும் உள்ள வெக்டரைத்தான் தமிழில் ‘திசையன்’ என்கிறோம். வெக்டர் என்பதற்கு இலத்தீனில் ‘சுமப்பது’ என்று பொருள். இலங்கைப் பாடநூல்கள் காவுதல் என்ற வினையை ஒட்டிக் ‘காவி’ என்கின்றன. மாறுமின்னுக்கு (ஏசி) ஆங்கிலத்தார் பேஸ் (அலை தன் சுற்றில் நிற்கும் நிலை), வெக்டர் இரண்டையும் ஒட்டி ‘பேசர்’ என்று தனிச்சொல்லே படைத்துக்கொண்டார்கள். நாம் மட்டும் ஏன் பழைய பெயரையே மொழிபெயர்க்க வேண்டும்?

விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் திசை உண்டு. மின்னழுத்தத்துக்கு ஏது? மின்மாற்றிப் படத்தில் காந்தப்பாயத்தை (ஃப்ளக்ஸ்) கிடைக்கோடாகப் போட்டு, தூண்டப்பட்ட மின்னழுத்தத்தை 90 பாகை பின்தங்க, கீழ்நோக்கி வரைகிறோம். மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்துக்குள் மின்னழுத்தம் கீழே பார்க்கிறது என்றா அர்த்தம்? கால் சுற்றுத் தாமதம், அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸில் அது 5 மில்லிநொடி. அந்தக் கோணம் காட்டுவது நேரத்தை, இடத்தை அல்ல. ‘திசையன்’ என்று படித்த மாணவர், மின்னோட்டம் அந்தப் பக்கமாகப் பாய்கிறது என்றே நினைத்துக்கொள்வார்.

அம்புமுனை இருக்கிறதே, கூட்டும் விதியும் ஒன்றுதானே என்பார்கள். சரி, வரையும் முறை ஒன்றுதான். அதனால் பொருளும் ஒன்றாகிவிடுமா? பேசருக்குக் ‘கட்டவெக்டர்’ என்பது பாதிக் கிணறு தாண்டிய சொல். என் தேர்வு ‘கட்டக்கோல்’. பேஸுக்குக் கட்டம் ஏற்கெனவே பழகிய சொல். கோலின் நீளம் அளவைக் காட்டும், சாய்வு கட்டத்தைக் காட்டும்.

இதைவிடக் கொடுமை ‘திசையன் குழு’ (வெக்டர் குரூப்). மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் டிஒய்என்11 (Dyn11) என்று இருக்கும். உயரழுத்தச் சுற்று டெல்டா (முக்கோண இணைப்பு), தாழழுத்தச் சுற்று ஸ்டார் (நட்சத்திர இணைப்பு), அதன் நடுமுனையான நியூட்ரல் வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 11 என்பது கடிகார மணி. உயரழுத்தக் கோலை 12-இல் வைத்தால் தாழழுத்தக் கோல் 11-இல் நிற்கும். ஒரு மணிக்கு 30 பாகை என்பதால், தாழழுத்தம் 30 பாகை முந்துகிறது. டிஒய்என்1 என்றால் 30 பாகை பிந்தும். இந்த இரண்டு வகை மின்மாற்றிகளையும் அப்படியே பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்தால் இடைவெளி 60 பாகை. ஒத்த முனைகளுக்கு நடுவே ஒரு கட்டத்தின் முழு மின்னழுத்தமும் நிற்கும், சுருள்களில் பெரும் மின்னோட்டம் சுழன்று எரித்துவிடும். இத்தனை முக்கியமான செய்தியில் ‘குழு’ எதைச் சொல்கிறது? ‘கட்ட இணைப்பு வகை’ என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே விளங்கும். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒருமுறையாவது அந்தப் படத்தைக் கையால் வரைந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.