நம் ஊர் விதை நெல்லுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு? பயிர் ரகப் பதிவு பற்றி ஒரு விளக்கம்

அறுவடையில் விதைக்கென்று எடுத்து வைத்த நெல்லை மறுபோகம் விதைப்பதும், மிச்சத்தைப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுப்பதும் சட்டப்படி தப்பா என்று விவசாயிகள் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தப்பே இல்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்று 2001இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 39ஆவது பிரிவு, விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. அந்த ரகத்தை ஒரு கம்பெனி தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தாலும் இந்த உரிமை போகாது.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. பதிவு பெற்ற ரகத்தின் விதையைப் பையில் போட்டு, இது இன்ன ரகம் என்று லேபிள் ஒட்டி, பிராண்டு விதையாக விற்கக் கூடாது. சாக்கில் அளந்து கொடுப்பதற்கும் கைமாற்றாகக் கொடுப்பதற்கும் தடை கிடையாது. (விதை வியாபாரமாகவே கடை வைத்து நடத்துகிறவர்களுக்கு உரிமம் வேண்டும், அது 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிற தனி விஷயம், இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.)

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஒரு விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் ஜெயராமன் காலமாவதற்குள் 170க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படிக் கைமாறிக் கைமாறியே மறுபடி வயலுக்கு வந்தன. அந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் இந்த 39ஆவது பிரிவு பாதுகாக்கிற செயல்தான்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். 2019 ஏப்ரலில் பெப்சிகோ நிறுவனம் குஜராத்தின் சாபர்காண்டா மாவட்ட விவசாயிகள் நான்கு பேர் மீது அகமதாபாத் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சிப்ஸுக்கென்று அது பதிவு செய்து வைத்திருந்த எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்பது புகார், தலைக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்புறம் விவசாயிகள் உரிமைச் செயற்பாட்டாளர் கவிதா குருகந்தி தொடுத்த மனுவின் மேல் 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே, இந்தச் சட்டத்தின் கீழ் ரகங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் ஆணையம் ரத்து செய்தது, 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கியது. ஆக, பெப்சிகோவின் பதிவு மறுபடி உயிர் பெற்றது. ஆனால் 39ஆவது பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, ஒரு ரகத்துக்கு இப்படி உரிமை இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு விவசாயி அதை மீறியிருந்தால், அதை மீறலாகவே கருதக் கூடாது என்று 42ஆவது பிரிவு சொல்கிறது.

சரி, விதையை வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறதென்றால் எதற்குப் பதிவு? நம் பாரம்பரிய ரகங்களில் எத்தனையோ எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் வாய்வழியாகவும் கைவழியாகவும் மட்டுமே பிழைத்துக் கிடக்கின்றன. ஆளுயரம் தாண்டி வளரும் காட்டுயானம், கடலோர உப்பு நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் குழியடிச்சான், பூங்கார், கருங்குறுவை என்று எதை எடுத்தாலும் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் யார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் குறைவு. அப்படியிருக்கும்போது ஒரு ஆராய்ச்சி நிலையமோ கம்பெனியோ அதைத் தாய் ரகமாக எடுத்து, அதிலிருந்து புது ரகம் உருவாக்கிப் பதிவு செய்தால், மூலம் எங்கள் ஊருடையது என்று நிறுவுவது பெரும்பாடு. பதிவேட்டில் இருந்துவிட்டால் கதையே வேறு. உங்கள் ரகத்தின் அடிப்படைத் தன்மைகளையே பெரும்பாலும் கொண்டு உருவாக்கப்பட்ட ரகமென்றால் உங்கள் சம்மதம் வேண்டும் (43ஆவது பிரிவு), பாதுகாத்து வைத்ததற்காகத் தேசிய மரபணு நிதியிலிருந்து அங்கீகாரமும் வெகுமதியும் கேட்கலாம், புது ரகத்தின் வருமானத்தில் பங்கும் கோரலாம்.

பணம் தானாக வீடு தேடி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பங்கு கேட்டுக் கோரிக்கை வைக்க வேண்டும், ஆணையம் விசாரித்துத்தான் தொகையை முடிவு செய்யும். என் பார்வையில் பதிவின் முதல் பலன் பணமே கிடையாது, இந்த ரகம் இந்த மண்ணில் இன்னாரால் காக்கப்பட்டது என்று அரசு ஆவணத்தில் ஏறுவதுதான்.

சட்டம் "விவசாயிகள் ரகம்" என்று ஒரு தனி வகையே வைத்திருக்கிறது. விவசாயிகள் தங்கள் வயலில் பாரம்பரியமாகப் பயிரிட்டு உருவாக்கி வந்த ரகமும், விவசாயிகளுக்குப் பொதுவாகத் தெரிந்த நாட்டு ரகமும் காட்டு உறவினமும் இதில் அடங்கும். கம்பெனி கொண்டுவரும் புது ரகத்துக்குப் புதுமை என்று ஒரு நிபந்தனை உண்டு, இதற்கு அது கிடையாது, நூறு வருடமாகப் பயிராகிறது என்பது இங்கே குறையே ஆகாது. மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும், பயிர் ஒரே சீராக இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் குணம் மாறக் கூடாது. இந்த மூன்றைத்தான் சோதிப்பார்கள். சீர்மையில்கூட விவசாயிகள் ரகத்துக்குச் சலுகை உண்டு, மற்ற ரகங்களுக்கு அனுமதிக்கிற கலவன் (குணம் மாறி நிற்கிற பயிர்) எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வரை ஏற்றுக்கொள்வார்கள்.

விண்ணப்பம் படிவம் ஒன்றில். விவசாயிக்குப் பதிவுக் கட்டணமும் சோதனைக் கட்டணமும் இல்லை, யாராவது "ஃபீஸ்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கூடவே அந்தப் பயிருக்குரிய தொழில்நுட்பக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அதற்கும் முன்னால், உங்கள் பயிர் மத்திய அரசு அறிவித்த பயிர்களின் பட்டியலில் இருக்கிறதா, அதே ரகத்தை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று டெல்லியிலுள்ள ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் ஒருவரின் மேலொப்பம் கட்டாயம். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண்மை அதிகாரி, வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி இயக்குநர், மாவட்டப் பழங்குடியினர் மேம்பாட்டு அலுவலகம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். பல ஊர்களில் பல்லுயிர் மேலாண்மைக் குழு காகிதத்தில் மட்டும் இருப்பதால், வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தை அணுகுவதுதான் நடைமுறையில் சுலபம். படிவம் நிரப்ப உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் உதவி கேளுங்கள், அந்தக் கேள்வித்தாளைத் தனியாக உட்கார்ந்து நிரப்புவது சிரமம்.

ஏன் சிரமம் என்றால், அது பயிரைத் தூரோடு பிடித்துப் பார்க்கச் சொல்கிற கேள்வித்தாள். நெல் என்றால் அடித்தாளின் உறையில் ஊதா நிறம் இருக்கிறதா, கொடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா, மணியின் நுனியில் சுங்கு (மீசை போன்ற முள்) உண்டா, உண்டென்றால் என்ன நீளம், என்ன நிறம், உமி பழுப்பா கறுப்பா, அரிசி சிவப்பா வெள்ளையா, பாதிப் பயிர் பூக்க எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுக்கொண்டே போகும். வயலில் நின்று தினமும் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் எழுதி வைத்திருக்க மாட்டார். அறுவடை முடிந்து போர் போட்ட பிறகு இதில் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

விதை மாதிரியும் அனுப்ப வேண்டும், எத்தனை கிராம் என்பது பயிருக்குப் பயிர் வேறுபடும். அதில் ஒரு பகுதி மரபணு வங்கிக்குப் போகும், மீதியைச் சோதனைத் திடலில் விதைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் விவரத்தை ஆணையத்தின் இதழில் வெளியிடுவார்கள். வெளியான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், விவசாயிக்கு அதற்கும் கட்டணம் இல்லை. உங்கள் ஊர் ரகத்தை வெளியாள் ஒருவர் தன் பெயரில் பதியப் பார்த்தால் தடுக்க வேண்டிய இடம் இதுதான், அந்த 3 மாதத்தைக் கோட்டை விட்டால் அப்புறம் ரத்து கோரி அலைய வேண்டியிருக்கும். பதிவு கிடைத்தால் நெல், காய்கறி போன்றவற்றுக்கு 15 வருடம், மரப்பயிர்களுக்கும் கொடிப்பயிர்களுக்கும் 18 வருடம் பாதுகாப்பு. சான்றிதழ் முதலில் 6 வருடத்துக்கோ 9 வருடத்துக்கோதான் தருவார்கள், இடையில் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஒரு தாலுகாவே காலங்காலமாகப் பயிரிட்ட ரகத்தை ஒரே ஒருவர் தன் சொந்தப் பெயரில் பதிவதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமே விவசாயிகள் குழுவாகவோ சமூகமாகவோ விண்ணப்பிக்க இடம் தருகிறது. உழவர் குழு இருந்தால் குழுவின் பெயரில் போடுங்கள், இல்லாத ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே ஒருவர் தனியாகப் பதிந்துவிட்டார் என்றாலும் பதறத் தேவையில்லை, மற்றவர்கள் அதே விதையை எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் 39ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது.

கடையில் வாங்கிய விதை பொய்த்துப் போனவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பதிவு பெற்ற ரகம் இவ்வளவு விளையும் என்று நிறுவனம் சொல்லி, சொன்ன சூழ்நிலையில் விதைத்தும் விளையாவிட்டால் ஆணையத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம், அதை 2012இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. எங்கே போனாலும் பில்லும் விதைப் பையில் இருந்த அட்டையும் கையில் இருக்க வேண்டும், பையைக் கிழித்து வரப்பில் போட்டுவிட்டு வராதீர்கள்.

புவிசார் குறியீடு வந்துவிட்டதே, இதுவும் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம். வேலூர் முள்ளுக்கத்திரி, ராமநாதபுரம் முண்டு மிளகாய், கொடைக்கானல் மலைப்பூண்டு போன்றவை பெற்ற புவிசார் குறியீடு அந்தப் பெயரைக் காக்கிறது, வேறு ஊர் மிளகாயை ராமநாதபுரம் முண்டு என்று விற்க முடியாது. விதையின் மேல் அது எந்த உரிமையும் தருவதில்லை. குறியீடு பொதுவாக ஒரு சங்கத்தின் பெயரில் இருக்கும். அதைத் தன் மூட்டையில் போட்டு விற்க நினைக்கிற விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். இதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். இவ்வளவு குறைந்த கட்டணத்திலும் பதியாமல் இருப்பது வேதனை.

ரகப் பதிவுக்குப் போட நினைக்கிறவர்கள் இந்த சம்பாவிலேயே வேலையை ஆரம்பிக்கலாம். விதைக்கென்று ஒரு பாத்தியைத் தனியாக ஒதுக்குங்கள், வேறு ரகம் பக்கத்தில் ஒட்டி இருக்க வேண்டாம். தூர் கட்டும்போது ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, கதிர் பழுக்கும்போது ஒரு முறை உள்ளே இறங்கி, உயரத்திலோ நிறத்திலோ மாறி நிற்கிற கலவனை வேரோடு பிடுங்கிவிடுங்கள். விதைத்த தேதி, பூத்த தேதி, அறுத்த தேதி மூன்றையும் நோட்டில் எழுதி, கொடி இலையும் கதிரும் தெளிவாகத் தெரிகிற மாதிரி போனில் போட்டோ எடுத்து வையுங்கள். கேள்வித்தாளோடு உட்காரும்போது அந்த நோட்டும் போட்டோவும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.