ஒளிப்பிரிகை: ஒரு சொல் விளக்கம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஒளிச்சேர்க்கை' நன்கு பழகிய சொல்; மலையாளவழியில் படிக்கும் தோழர்கள் அதையே 'பிரகாசசம்ஸ்லேஷணம்' என்கிறார்கள். ஒளியை ஏற்ற மூலக்கூறு பிரிந்துபோவதை மட்டும் 'ஃபோட்டோடிசோசியேஷன்' என்று ஆங்கில ஒலியிலேயே எழுதுவானேன்? 'ஒளிப்பிரிகை' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

'ஃபோட்டோ' என்பதன் கிரேக்க வேருக்கு ஒளி என்று பொருள். இலத்தீனில் 'சோசியுஸ்' என்றால் கூட்டாளி. 'டிஸ்' விலகலைக் குறிக்கும். ஆகவே, கூடியிருந்தவை விலகுவதே வேர்ப்பொருள். 'ஒளிச்சிதைவு' என்று எழுதத் தோன்றலாம். ஆனால் 'சிதைவு' கதிரியக்கத்துக்கு உரியதாகிவிட்டது. 'ஒளியுடைப்பு' என்றாலோ, ஒளி சம்மட்டி போல அடித்து உடைக்கிறது என்ற தவறான எண்ணம் எழும்.

உண்மையில் நடப்பது வேறு. மூலக்கூறு ஒளித்துகளை விழுங்கும்போது அதன் எலக்ட்ரான் உயர்நிலைக்கு ஏறுகிறது. சில உயர்நிலைகளில் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் விசை இல்லாமற்போவதால், கயிறு அவிழ்ந்த கதிர்க்கட்டு போல அவை தாமே விலகுகின்றன. அதனால்தான் பிறவினையான 'பிரிப்பு' வேண்டாம், தன்வினையான 'பிரிகை' வேண்டும் என்கிறேன்.

இந்த விலகலைக் காண மிகக் குறுகிய லேசர் துடிப்புகள் தேவை. அவற்றை அளக்கும் ஃபெம்டோநொடி, ஒரு நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. 'ஃபெம்டோ', பதினைந்தைக் குறிக்கும் டேனிய, நார்வேஜியச் சொல்லான 'ஃபெம்டென்' என்பதிலிருந்து வந்தது. 1987இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் அகமது செவைலின் குழுவினர், அயோடின் சயனைடு மூலக்கூற்றில் ஒரு துடிப்பால் பிரிகையைத் தொடங்கி, சற்றுத் தாமதித்து அனுப்பிய இரண்டாம் துடிப்பால் அதைப் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 200 ஃபெம்டோநொடியில் பிணைப்பு அற்றுப்போனது. அந்நேரத்தில் ஒளிகூட ஒரு தலைமயிரின் தடிமன் அளவே கடந்திருக்கும். செவைலுக்கு 1999இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

துடிப்பின் செறிவு மிகமிக உயர்ந்தால் பல எலக்ட்ரான்கள் ஒருசேர வெளியேறி, நேர்மின்னேற்றம் பெற்ற அணுக்கள் ஒன்றையொன்று தள்ளித் தெறிக்கும். அதற்குக் 'கூலும் வெடிப்பு' என்று பெயர்; அங்கே 'பிரிகை' என்ற மென்சொல் பொருந்தாது.