கடைசிக் கிளிப் எங்கே? பேட்டரி டவுனான காரை ஜம்ப் ஸ்டார்ட் செய்வது

சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தட்டும் சத்தம் மட்டும் வருகிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன, செல்ஃப் எடுக்கவில்லை. பெரும்பாலும் இது பேட்டரி டவுன்தான். ஜம்பர் கேபிள் எனப்படும், இரு முனையிலும் கிளிப் உள்ள சிவப்பு, கறுப்புக் கம்பிகளால் இன்னொரு காரின் நல்ல பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கிக் கிளப்புவதுதான் ஜம்ப் ஸ்டார்ட். ஒரே ஒரு ‘டக்’கோடு நின்றுவிட்டு ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தால் என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதற்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான சாலினாய்டு மீது சந்தேகப்பட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காவிட்டால் எரிபொருள், ஸ்பார்க் பக்கம் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஜம்பர் கேபிள் மருந்தல்ல. பேட்டரியின் டெர்மினல்களையும் (பிளஸ், மைனஸ் முனைகள்) முதலிலேயே பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலோ, கையால் அசைத்தால் ஆடினாலோ, சுரண்டித் துடைத்து இறுக்கினாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்குள் 6 செல்கள் வரிசையாக இருக்கின்றன. முழு சார்ஜில், சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு மீட்டர் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 11.9-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. முக்கால் வோல்ட் குறைந்ததற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளில் லெட் சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது, உள் மின்தடை ஏறுகிறது. சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர்கூட 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் இன்னும் அதிகம். நல்ல பேட்டரி அந்த இழுப்பிலும் 10 வோல்ட் அளவில் நிற்கும். டவுனான பேட்டரி சட்டென்று சரிந்துவிடும். சரிந்ததும் சாலினாய்டு பிடியை விடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் மீண்டும் ஏறுகிறது. சாலினாய்டு திரும்பப் பிடிக்கிறது. அந்த ‘டிக் டிக்’ இதுதான்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் பார்த்தால் வேலை நடக்காது. 3 மீட்டர் கேபிள் என்றால் போக, வர 6 மீட்டர் கம்பி. செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டராக இருந்தால், 200 ஆம்பியர் ஓடும்போது கம்பியிலேயே 3.4 வோல்ட் காணாமல் போகும். 16 சதுர மில்லிமீட்டரில் இந்த இழப்பு 1.3 வோல்ட், 25-இல் 0.8. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்பதும் உண்டு. அதில் இழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெளியே ரப்பர் தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே இருக்கும் கம்பியின் கனம்தான் கணக்கு.

இனி ஆபத்தான பகுதி. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். காற்றில் அது 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். மின்சுற்று முழுமையாகும் கணத்தில், அதாவது கடைசிக் கிளிப் தொடும் இடத்தில், பொறி பறந்தே தீரும். அதைத் தடுக்க முடியாது. எங்கே பறக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். கிளிப் மாட்டும் வரிசையின் நோக்கம் பெரும்பாலும் இதுதான்.

கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தையும் உலோக வாட்ச்சையும் கழற்றுங்கள். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டிலும் இக்னிஷன், விளக்கு, ஏசி எல்லாம் ஆஃப். ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கில். முதலில் சிவப்புக் கிளிப்பை டவுனான பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. பிறகு கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. கறுப்பின் மறுமுனையை டவுனான பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள். அந்தக் காரின் என்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். பெல்ட், ஃபேன், எரிபொருள் குழாய் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மைனஸ் என்ஜினோடும் பாடியோடும் எர்த் ஆகியிருப்பதால் மின்னோட்டம் எப்படியும் வந்து சேரும். பொறி மட்டும் வாயுவிலிருந்து தள்ளிப் பறக்கும்.

சிவப்பு ஏன் முதலில்? காரின் பாடி முழுக்க மைனஸ்தான். கறுப்பு முதலில் இணைந்துவிட்டால், கையிலிருக்கும் சிவப்புக் கிளிப் எந்த இரும்பில் உரசினாலும் ஷார்ட். பிளஸ் மைனஸ் மாறிப் போனால் கதை இன்னும் மோசம். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில், ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடுகள் திறந்து பெரும் மின்னோட்டம் பாயும், மெயின் ஃபியூஸ் எரியும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியும் போகலாம். கம்பி நிறத்தை நம்பாமல் பேட்டரியில் பொறித்திருக்கும் குறியைப் பார்த்தே மாட்டுங்கள்.

இணைத்ததும் உதவும் காரை ஸ்டார்ட் செய்து 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் 5 நிமிடம் ஓட விடுங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். அந்த 5 நிமிடத்தில் டவுனான பேட்டரிக்குள் கொஞ்சம் சார்ஜ் ஏறும், ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் மீது விழும் சுமை குறையும். பிறகு செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லையா, ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆற விட்டு, கிளிப்களைக் கொஞ்சம் அசைத்து உலோகத்தோடு நன்றாகப் பதிய வைத்து மறுபடி முயலுங்கள். கிளிப் சுட்டால் அங்கே பிடி சரியில்லை என்று பொருள்.

என்ஜின் பிடித்ததும் இரண்டு கார்களையும் 2, 3 நிமிடம் ஓட விட்டு, கிளம்பிய காரில் புளோயரையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் போடுங்கள். கேபிளை எடுக்கும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். அதை இந்தச் சுமைகள் ஓரளவு வாங்கிக்கொள்ளும். எடுக்கும் வரிசை அப்படியே தலைகீழ்: என்ஜின் பிளாக்கிலிருக்கும் கறுப்பு முதலில் வர வேண்டும். இவ்வளவு நேரம் சார்ஜ் ஏறியதால் வாயு முன்பைவிட அதிகமாக இருக்கும், ஆகவே மாட்டுவதைவிடக் கழற்றும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா’ என்று சோதிக்கும் பழைய பழக்கம் இன்றைய கார்களின் எலக்ட்ரானிக்ஸைக் கொன்றுவிடக் கூடும்.

பேட்டரி உறைந்திருந்தால், விரிசல் விட்டிருந்தால், உப்பியிருந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொடாதீர்கள். முழு சார்ஜில் கடுங்குளிரையும் தாங்கும் அமிலம், சார்ஜ் இறங்கி நீர்த்த பிறகு சுமார் மைனஸ் 10 டிகிரியிலேயே உறையக் கூடும். 24 வோல்ட் லாரியிலிருந்து கம்பி இழுக்கவே கூடாது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். பலவற்றில் அதற்கு உதவி வாங்கலாம், ஆனால் அதிலிருந்து பிற காருக்குக் கொடுக்கக் கூடாது. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து மீண்டும் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் பெரும்பாலும் மைனஸ் டெர்மினலிலேயே சென்சார் இருப்பதால் கையேடு காட்டும் எர்த் முனையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கிளம்பிவிட்டதால் பேட்டரி நிரம்பிவிட்டதாக அர்த்தமில்லை. 60 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சுவர் சார்ஜரில் 6 ஆம்பியரில் ஏற்றினால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை மணி நேர ஓட்டம் அதில் ஒரு பங்குதான். காலியான பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அது சூடேறி உழைக்கும், சார்ஜரே நல்லது. என்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்து, முழுதாக சார்ஜ் ஏற்றி ஒரு இரவு விட்ட பின்னும் 12.4-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டும், அல்லது கார் நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. பொதுவாக நிற்கும் கார் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது இயல்பு. உள்விளக்கு ஒன்று அணையாமல் இருந்தாலே அது 400-ஐத் தொடும்.