குளியலறை வால்வை மொட்டை மாடியில் பார்த்து முடிவு செய்யுங்கள்

வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோவையில் ஏதாவது ஒரு ஷோரூமுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் டைவர்ட்டரை (தண்ணீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வை) பார்த்து ஆசைப்பட்டு, பில்லும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் பிளம்பிங் வேலைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். "இது நம்ம வீட்டுக்கு ஆகுமுங்களா?" என்பார்கள். நான் குளியலறைக்குப் போகாமல் நேராக மாடிப்படி ஏறுவேன். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சோலார் உண்டா, பிரஷர் பம்ப் உண்டா, தொட்டியில் ஏறுவது எந்தத் தண்ணீர். இதெல்லாம் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடிக் குளியலறையில் ஷவருக்கும் தொட்டிக்கும் 2 மீட்டர்தான் வித்தியாசம் என்றால், கையில் இருப்பது 0.2 பார். அகலமான ரெயின் ஷவர் அதில் பொழியாது, ஒழுகும். வால்வின் கேட்டலாக்கில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று போட்டிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

அழுத்தம் போதவில்லை என்றதும் எல்லோரும் பம்ப் வைக்கிறார்கள். சரி, எந்தக் குழாயில் வைக்கிறார்கள்? இங்கேதான் சிக்கல். நம் பக்கம் மாடிக்கு மாடி சோலார் ஹீட்டர். அவற்றில் பெரும்பாலானவை அழுத்தம் தாங்காத வகை. சோலார் தொட்டியின் மேலே காற்றுப்போக்கிக் குழாய் திறந்தே இருக்கும். பம்ப்பைப் பச்சைத்தண்ணீர்க் குழாயில் மட்டும் மாட்டினால், பச்சைத்தண்ணீர் 2 பார் அழுத்தத்தில் வரும், சுடுதண்ணீர் தானாக இறங்கி வரும். ஒரே கைப்பிடியில் இயங்கும் சிங்கிள் லிவர் மிக்ஸர் இரண்டையும் தனக்குள் ஒரே அறையில் சேர்த்துவிடுகிறது. வலுத்தது இளைத்ததைத் தள்ளும்.

பல்லடம் பக்கம் ஒரு வீட்டில், "அண்ணா, சோலார் டேங்க் ஓட்டையாயிருச்சுங்க, ராத்திரியெல்லாம் ஊத்துது" என்று கூப்பிட்டார்கள். டேங்க்கில் ஓட்டை எதுவும் இல்லை. மிக்ஸரைத் திறந்தபடியே விட்டு, ஹேண்ட் ஷவரைக் கைப்பிடியில் இருக்கும் பித்தானில் மட்டும் மூடியிருந்தார்கள். வெளியே போக வழியில்லாத பச்சைத்தண்ணீர் மிக்ஸர் வழியாகச் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து, மாடி வரை ஏறி, காற்றுப்போக்கி வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பம்ப்பும் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு போட்டால் இந்தப் பின்னோட்டம் நிற்கும். ஆனால் அப்போதும் பச்சைத்தண்ணீரின் வேகம் சுடுதண்ணீரை வரவிடாது. இரண்டு குழாயிலும் ஒரே அழுத்தம் இருந்தால்தான் தீரும். இரண்டையும் பம்ப் இல்லாமல் விடலாம். சுடுதண்ணீருக்கும் அதற்கேற்ற பம்ப் வைக்கலாம். அல்லது அழுத்தம் தாங்கும் சோலார் வாங்கலாம். இதை முடிவு செய்யாமல் சிங்கிள் லிவர் வாங்க வேண்டாம் என்பேன்.

சித்திரை வெயிலில் சோலார் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டிவிடும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடி தோலில் பட்டாலே ஆழமான தீப்புண் வரும். அப்பாரு, அமுச்சி, சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் நல்லது. உள்ளே இருக்கும் மெழுகுப் பகுதி சூட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்கி, நாம் வைத்த சூட்டிலேயே தண்ணீரை நிறுத்தும். பெரும்பாலானவற்றில் 38 டிகிரியில் ஒரு தடுப்புப் பித்தானும் இருக்கும். விலை அதிகம். இரண்டு பக்கமும் அழுத்தம் சீராக வேண்டும். தண்ணீரும் நல்லதாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் நம் ஊரில் லேசானதல்ல. சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் எந்த வால்வும் வருடக்கணக்கில் உழைக்கும். அன்னூர், அவிநாசி, காங்கேயம் பக்கம் போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீடுகளில் கதை வேறு. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம். தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். உப்பு அதிகம் என்றால் கார்ட்ரிட்ஜின் (மிக்ஸருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பகுதியின்) பீங்கான் தட்டுகளில் படிந்து லிவர் இறுகும், ஷவரின் துளைகள் அடைபடும். அப்படிப்பட்ட வீட்டில் நான் சுவருக்கு வெளியே மாட்டும் சாதாரண வால் மிக்ஸரையே சொல்வேன். பார்க்கப் பழசாகத் தெரியும்தான். ஆனால் கழற்றித் துடைத்து மாட்ட அரை மணி நேரம் போதும், டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை.

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரை நம்பி ரெயின் ஷவர் வாங்குகிறவர்களும் உண்டு. அந்தக் கீசரால் நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரைத்தான் ஏறக்குறைய 20 டிகிரி ஏற்ற முடியும்; ரெயின் ஷவருக்கு அது போதாது.

கன்சீல்டு டைவர்ட்டர்தான் வேண்டும் என்றால், சுவருக்குள் போகும் பாடியும் வெளியே தெரியும் பகுதியும் ஒரே கம்பெனியில் ஒரே மாடலாக இருக்க வேண்டும். பாடியின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என இரண்டு கோடுகள் இருக்கும். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து முடிகிற முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். கொத்தனாரிடம் டைல்ஸின் கனத்தைக் கேட்காமல் பாடியைப் பதிக்க விடாதீர்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்து, சுவரை அளவு டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள்.

வாளிக்குத் தண்ணீர் பிடிக்கக் கீழே ஒரு ஸ்பௌட் கட்டாயம் வேண்டும், அதனால் ஸ்பௌட் வழி உள்ள டைவர்ட்டரையே கேளுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு ஷவர் யாருக்கும் தோதுப்படாது.

பழைய குளியலறையில் மிக்ஸரை மட்டும் மாற்றுவதானால், கடைக்குப் போகும் முன் சுவரில் இருக்கும் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் வாய்கள் இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான அளவு 150 மில்லிமீட்டர். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் மிக்ஸரோடு வரும் வளைந்த இணைப்பைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் போனால் சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும்.